தன்னைத் தவிர மற்றவர்: மலேசியத் தமிழ் நாவலில் ஆசிரியரின் நிழல்

எழுத்தாளர் தம்மையும் தமக்குத் தெரிந்தவர்களையும் கதைமாந்தராக்குவது தமிழுக்குப் புதிதல்ல. எட்டயபுரம் ஜமீனில் பணிபுரிந்த பாரதி, அந்த அனுபவத்தையும் தம் பிள்ளைப் பருவப் புலமையையும் ஒருசேரக் கேலி செய்து 'சின்னச் சங்கரன் கதை'யைத் தொடங்கினார், முடிக்கவில்லை. தன்னையே நகைப்புக்கு உரியவனாக நிறுத்தும் அந்தத் துணிச்சல் மலாயாவுக்கு வர நெடுங்காலம் ஆனது.

இங்கு வெளிவந்த முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' (1917). தலைப்பே அது எவ்வகைக் கதை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. மலாயா, இந்தோனேசியப் பகுதியில் வாழ்ந்த தமிழர் தம் வாழ்விலிருந்து ஆட்களை எடுத்த முதல் பெரும் முயற்சி ப. சிங்காரத்தினுடையது. சிங்கம்புணரியிலிருந்து வட்டிக்கடை வேலைக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர் அவர். 'கடலுக்கு அப்பால்' நாவலின் செல்லையா பினாங்கு வட்டிக்கடைப் பையன். 'புயலிலே ஒரு தோணி'யின் (1972) பாண்டியனும் அதே உலகத்தவன். ஆனால் சிங்காரம் 1946-இல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். பாண்டியனோ திரும்புவதற்குச் சற்று முன் இந்தோனேசிய மண்ணிலேயே சாகிறான். வாழ்ந்த இடமும் தொழிலும் ஆசிரியருடையவை. முடிவு மட்டும் அவர் தமக்கு விதிக்காதது.

மலேசியாவிலேயே தங்கி எழுதியவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) இரண்டும் ஜப்பானியர் 415 கிலோமீட்டருக்குப் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியவை. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' ஜப்பானியர் காலத்தையும் கம்யூனிஸ்டுகளின் காலத்தையும் பேசுகிறது. 1930-இல் பிறந்த அவருக்கு அது பதின்பருவம். இந்நாவல்களில் அண்டை அயலாரின் சாட்சியம் நிறைந்திருக்கிறது. எழுதியவர் எங்கே என்று தேடினால் கிடைப்பதில்லை. காரணம் தோட்டத்தின் அமைப்பு என்பது என் கணிப்பு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எழுதியவர்களில் பலர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ரெங்கசாமியும் ஆசிரியரே. பெற்றோர் மதிக்கும் 'வாத்தியார்' தம் குடும்பச் சண்டையை அச்சில் வைப்பது எளிதல்ல. கூட்டுத் துயரத்துக்குள் அவர் மறைந்துகொள்ளலாம்.

தன்னைத் தயக்கமின்றி எடுத்து வைத்த மலேசியத் தமிழர் கே.எஸ். மணியம். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். அவர் 1942-இல் பெடோங்கில் பிறந்தார்; அவரின் தந்தை மருத்துவமனைச் சலவைத் தொழிலாளி. 'தி ரிட்டர்ன்' (1981) நாவலில் ரவியின் தந்தையும் அதே தொழில்தான் செய்கிறார். ரவி தமிழ்ப்பள்ளியை விட்டு ஆங்கிலப் பள்ளிக்கு மாறி, ஆசிரியப் பயிற்சிக்கு இங்கிலாந்து போகிறான். மணியமும் வுல்வர்ஹாம்ப்டனில் பயின்றவர். நிலப்பட்டா கிடைக்காமல் போன வீட்டை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கும் ரவியின் பாட்டி பெரியாத்தாய்தான் அந்நாவலின் உயிர். ரவிக்குத் தன் குடும்பத்தின் மீது ஏற்படும் வெட்கத்தையும் மணியம் மூடிமறைக்கவில்லை. இதைத் தமிழில் எழுதியிருந்தால் பெடோங்கில் முதலில் படித்திருக்கக்கூடியவர்கள் உறவினர்கள். ஆங்கிலம் அவருக்கு ஒரு திரையாகவும் இருந்தது என்றே படுகிறது.

ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) இந்தத் தயக்கத்தை உடைத்தது. லூனாஸ் என்ற ஊர்ப் பெயரையே மாற்றாமல் வைத்து, 1981-இல் அங்கு நிகழ்ந்த விஷச் சாராயச் சாவுகளைப் பின்புலமாக்கியது. அடுத்த ஆண்டே உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது.

சிங்காரம் 1997-இல் மறைந்தார், மணியம் 2020-இல். கதையில் வரும் யார் எவரின் சாயல் என்பதைச் சொல்லக்கூடிய மூத்தோர் குறைந்துகொண்டே வருகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் தமிழ் பயிலும் மாணவர்கள், எஞ்சியிருக்கும் எழுத்தாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சந்தித்து இப்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.