மருந்தும் மறுப்பும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முன்னோர் மொழி. அளவினுள் நின்ற மருந்தும் ஒருவர்க்கு நஞ்சாதல் உண்டு என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமே உலகிற்கு உணர்த்திற்று. 1902 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு அறிஞர் ரிஷே, போர்த்தியே என்னும் இருவர், கடலுயிர் ஒன்றன் நஞ்சை முன்னர் ஏற்றுப் பிழைத்த நாய்கள் மறுமுறை மிகச் சிறிதளவிலேயே மாண்டமையைக் கண்டனர். 1906 இல் வியன்னா நகரக் குழந்தை வைத்தியர் பிர்க்கே, குதிரைச் சீரம் ஏற்றப்பெற்ற பிள்ளைகளை ஆராய்ந்து 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். அதனையே நாம் ஒவ்வாமை என்கின்றோம்.

இவ்வுண்மை குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மீண்டும் தலைகாட்டியது. கண்டியில் வீட்டு முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணி, வின்கிறிஸ்ரின் என்னும் மருந்தைத் தந்தது. அதன் மூலக்கூறு சிறியது. ஆதலின் ஒவ்வாமை அரிது. அஸ்பராஜினேஸ் அத்தகையதன்று. அது பெரியதொரு புரதம்.

அதன் வரலாறு சுவையானது. 1953 இல் அமெரிக்க அறிஞர் கிட், கினிப்பன்றியின் சீரம் எலிகளின் ஒருவகைப் புற்றை அழித்தலைக் கண்டார். அச்செயலுக்குக் காரணம் அஸ்பராஜினேஸ் என்னும் நொதியமே என்பதை 1961 இல் புரூம் கண்டறிந்தார். அந்நொதியம் அஸ்பரஜீன் என்னும் அமினோவமிலத்தைச் சிதைக்கின்றது. இயல்பான கலங்கள் அதனைத் தாமே ஆக்கவல்லன; குருதிப் புற்றுக் கலங்கள் பலவும் அவ்வாறு ஆக்கமாட்டாது மடிகின்றன. 1964 இல் ஈ. கோலை என்னும் பற்றீரியாவின் நொதியமும் அவ்வாறே தொழிற்படுதல் தெளிவாயிற்று. அதன்பின் மனிதர்க்கு வேண்டிய அளவு மருந்து கிட்டிற்று.

எனினும் பற்றீரியாவின் புரதம் உடலுக்கு அயலானது. முதன்முறை வாளாவிருக்கும் உடல், பின்னைய முறைகளில் அதனை இனங்கண்டு எதிர்க்கலாம். தோலிலே தடிப்பும், மூச்சிலே இழுப்பும், குருதியமுக்கத்திலே வீழ்ச்சியும் அதன் குறிகள். அந்நிலையில் மருந்தேற்றலை நிறுத்தித் தொடைத் தசையில் அதிரினலின் செலுத்துதல் உயிர்காக்கும் முதற் செயலாகும். குறியேதுமின்றிப் பிறபொருளெதிரிகள் மருந்தைச் செயலிழக்கச் செய்தலும் உண்டு. அப்போது பிள்ளை நலமாகத் தோன்றும். மருந்தோ பயனற்றுப் போகும்.

ஒவ்வாமை கண்டவிடத்து அம்மருந்தை நிறுத்தினாற் போதுமோ? போதாது. ஈடு செய்யாவிடின் நோய் மீளும் இடர் மிகும். ஆதலின் எர்வினியா என்னும் வேறொரு பற்றீரியாவின் நொதியம் பதிலாகப் பயன்படுகின்றது. ஈ. கோலை நொதியத்தை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் இதனைத் தாக்குவதில்லை. ஆயின் இதன் விலை பெரிது. உலகளவில் இதற்குத் தட்டுப்பாடு நேர்ந்ததும் உண்டு.

மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு கண்டி நகர வைத்தியசாலைக்கு வரும் தாய் இவ்வரலாற்றை அறியாள். அறியவேண்டுவது ஒன்றே. முன்னைய ஊசியின்போது சிறு தடிப்போ இருமலோ தோன்றியிருப்பின், அதனை அற்பமென விடாது, அடுத்த ஊசிக்கு முன் வைத்தியர்க்குச் சொல்லுதல் வேண்டும். அவள் மொழியில் அதனைக் கேட்டறிதல் வைத்தியசாலையின் கடன். அவளுக்கு அதனை முன்னரே எடுத்துரைத்தல் கற்றோராகிய நம் கடன்.