முதல் குரூப் இல்லாத பள்ளிக்கூடம்

மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன் செய்த நண்பர், "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதிராதப்பா, ஏற்கெனவே ஏழு பேர் எழுதிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே, நாமெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் - கிருஷ்ணன்கோவில் ரோட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1963-ல் அவர் பெயரால் பாலிடெக்னிக் வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதே வருடம் கிருஷ்ணன்கோவிலில் நம் கல்லூரி. விருதுநகர் மாவட்டமே அப்போது கிடையாது, அது 1985-ல்தான் பிரிந்தது. இத்தனை மெஷின்களுக்கு நடுவே வளர்ந்த ஊர்ப்பெண்களில், மெஷினை வடிவமைக்கப் படித்தவர்கள் ஏன் அவ்வளவு குறைவு? மூளை இல்லாமலா?

அதற்குப் பதில் கிண்டியில் எப்போதோ கிடைத்துவிட்டது. ஏ. லலிதா 1919-ல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் விதவை, கையில் சில மாதக் குழந்தை. சென்னை ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் சேர்ந்தார். அவருடைய அப்பா சுப்பாராவ் அங்கேயே பேராசிரியர். முதல்வர் சாக்கோவிடம் பேசி இடம் வாங்கினார். தெரஸியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இரண்டு பெண்கள் சிவில் படித்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுக் கையால் திருத்திக் கொடுத்தார்களாம்! லலிதா பிற்பாடு பக்ரா நங்கல் அணைக்கான ஜெனரேட்டர் வேலைகளில் இருந்தார். தெரஸியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதாவின் தைரியத்தை எல்லோரும் பாராட்டுகிறோம், சரிதான். எனக்கு என்னவோ அந்த ராணி மேரி கல்லூரிதான் பெரிதாகத் தெரிகிறது. பெண்கள் படிக்கிற இடத்தில் இன்டர்மீடியட் இருந்தது. அப்பா துணைக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதானே?

நம் பக்கத்துக்கு வருவோம். 1978-ல் தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். ஆக, பதினைந்து வயதில் எந்தக் குரூப்பில் உட்கார்கிறோமோ அதிலேயே பாதி விஷயம் முடிந்துபோகிறது. பெண் எந்தக் குரூப்பில் உட்காருவாள் என்பது மார்க்கை மட்டும் பொறுத்ததல்ல. நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் பெண்கள் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறது, கணக்கு டீச்சர் இருக்கிறாரா, லேப் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

என் அக்கா பத்தாம் வகுப்புக் கணக்கில் 96. அவள் படித்த பள்ளியில் அப்போது முதல் குரூப் கிடையாது. பையன்கள் படிக்கிற பள்ளியில் இருந்தது; பஸ் ஏறிப் போகவேண்டும். "பொம்பளப்புள்ளய அங்க எப்படிம்மா விடுறது?" என்றார் அப்பா. கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். அக்கா வணிகவியல் எடுத்தாள். நாலு வருடம் கழித்து, கணக்கில் 81 வாங்கிய நான் அதே பஸ்ஸில் ஏறிப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதைப் பற்றி நாம் ஜோக் அடித்தோமே தவிர, யோசித்ததில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் சட்டமானது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. பிள்ளை படித்த பள்ளியையும் கணக்கில் எடுக்கும் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குரூப் இல்லாத பள்ளிக்கு இரண்டாலும் பிரயோஜனம் கம்மி.

அக்கா இப்போது வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். ஏப்ரல் மாதம் பரீட்சை முடிந்ததும், ரிசல்ட் வருவதற்குள், பெண்பிள்ளைகளின் அப்பாக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறாள். எந்தப் பள்ளியில் முதல் குரூப், எத்தனை மணி பஸ் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.