கல்வராயன் மலையில் வீட்டுவசதி

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. விழுப்புரத்திலிருந்து 2019-இல் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடியினர். சாமை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுகின்றனர். காட்டில் கடுக்காய் சேகரிக்கின்றனர்.

பழைய வீடு

மூங்கில் தட்டியின் மேல் செம்மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய தரை. இவை அனைத்தும் மலையிலேயே கிடைப்பவை. கட்டுவதற்கு ஊராரின் உழைப்பே போதும். வெயிலும் குளிரும் உள்ளே கடுமையாகத் தாக்குவதில்லை. ஆனால் கூரையை அவ்வப்போது மாற்றி வேய வேண்டும். அடைமழையிலும் தீயிலும் பாதுகாப்பில்லை.

அரசுத் திட்டங்கள்

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-இல் தொடங்கியது. 2016-இல் அதன் இடத்தைப் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் பிடித்தது. மாநில அரசு 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தையும், 2011-இல் 300 சதுர அடியில் சூரிய மின்விளக்குகளுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தையும் கொண்டுவந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டிக் குடிசையில்லாத் தமிழ்நாட்டை உருவாக்க முனைகிறது. இதில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை.

பட்டாவும் பாதையும்

மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் அரசு அதை ஏற்றது. தலைமுறைகளாக உழுத நிலத்துக்கும் பலரிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு வீட்டு ஆணை கிடைப்பது அரிது. காப்புக்காட்டு எல்லை இன்னொரு தடை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் குடியிருப்போருக்கும் உழுவோருக்கும் உரிமை அளிக்கிறது. அதன்படி வழங்கப்படும் உரிமைப் பத்திரமே இங்கு வீட்டுக்கும் முதற்படி.

அடுத்தது பாதை. சிமென்ட், கம்பி, ஜல்லி எல்லாம் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். லாரி செல்லாத சிற்றூருக்குச் சிறு வண்டியிலும் தலைச்சுமையாகவும் போகின்றன. தொகை தவணை தவணையாக, வேலை முடிந்த அளவுக்கே வருகிறது. கையில் காசில்லாதவரின் வீடு அடித்தளத்தோடு நின்றுவிடுகிறது.

நிலைத்த வளர்ச்சி

2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11-ஆவது, எல்லோருக்கும் போதிய, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் வீட்டைக் கேட்கிறது. 2024-இல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. கான்கிரீட் கூரையால் மட்டும் 11-ஆவது இலக்கை எட்ட முடியாது. பட்டா, சாலை, குடிநீர் ஆகியவை வீட்டு ஆணையோடு சேர்ந்து வர வேண்டும். மலைக்கான வண்டி வாடகை மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். செம்மண்ணையும் மூங்கிலையும் ஏற்கும் வரைபடங்களும் வேண்டும். சமவெளிக்கு வகுத்த கணக்கு மலைக்குப் பொருந்தாது.