நட்டஈடு பெற்றவர்கள் யார்?

ஆண்டுதோறும் மார்ச் 25ஆம் திகதியை, அடிமை முறைக்கும் அத்திலாந்திக் கடல் கடந்த அடிமை வாணிபத்துக்கும் பலியானோரை நினைவுகூரும் சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகள் சபை அனுஷ்டித்து வருகின்றது. 2007 டிசம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தின் பேறு இது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு காலத்தில் 1 கோடி 25 இலட்சம் ஆபிரிக்கர் வரையில் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என்பதும், அவர்களில் 18 இலட்சம் பேர் அளவில் மறுகரையைக் காணாமலே மாண்டனர் என்பதும் ஆய்வாளர்களின் கணிப்பு.

இந்த வாணிபத்தில் மனிதனுக்கு இருந்த இடம் என்ன என்பதை விளங்கிக்கொள்ள ஒரு வழக்குப் போதும். 1781 நவம்பர் இறுதியில், ‘சொங்’ என்ற பிரித்தானியக் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆபிரிக்கர் உயிருடன் கடலில் எறியப்பட்டனர். குடிநீர் போதாமற் போனதே காரணம் என்று கூறப்பட்டது. கப்பலின் உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண் வீதம் காப்புறுதிப் பணம் கோரினர். 1783இல் இலண்டனில் விசாரணை நடந்தபோது ஜூரிகள் உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தனர். மறுவிசாரணைக்குப் பின்னர் இடமளிக்கப்பட்டது உண்மைதான். ஆனால், நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி சரக்கின் இழப்பை யார் ஏற்பது என்பதேயன்றி, கொலை அல்ல. கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அரை நூற்றாண்டின் பின்னர், 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மனிதாபிமானத்தின் வெற்றியென நாம் பாடநூல்களிற் படித்தது இதனைத்தான். அந்தச் சட்டம் 2 கோடி பவுண் நட்டஈட்டுக்கும் வழிசெய்தது. அது அக்காலத்து அரசாங்கத்தின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். அப்பணம் அடிமைகளின் சொந்தக்காரருக்கே சென்றது. விடுதலை பெற்ற சுமார் 8 இலட்சம் பேருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. மாறாக, அவர்களிற் பெரும்பாலானோர் ‘பயிலுனர்’ என்ற பெயரில் 1838 வரை பழைய எஜமானருக்கே கூலியின்றி உழைக்க நேர்ந்தது.

இந்த நட்டஈட்டுக்காகப் பெறப்பட்ட கடன், பிற்காலக் கடன்களோடு சேர்க்கப்பட்டு, 2015இலேயே முழுமையாக அடைக்கப்பட்டது. இதனைப் பெருமைக்குரிய செய்தியாக 2018இல் பிரித்தானியத் திறைசேரி சமூக வலைத்தளத்தில் வெளியிட்டுக் கண்டனத்துக்குள்ளாகி, பின்னர் அகற்றிக்கொண்டது. அதன் பொருளை எண்ணிப் பார்த்தபோது எனக்குத் திகைப்பே ஏற்பட்டது. அடிமைகளின் வழித்தோன்றல்களாக பிரித்தானியாவில் வாழும் கரிபியன் மக்களும், தம் மூதாதையரை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு வழங்கப்பட்ட பணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வரி செலுத்தியிருக்கின்றார்கள்! கரிபியன் நாடுகள் 2013இல் ஆணைக்குழு அமைத்துப் பரிகாரம் கோருவதைப் பழங்கதை பேசுவதாக எவ்வாறு ஒதுக்க முடியும்?

அந்தச் சட்டத்தின் இன்னொரு பகுதி எம்மைப் பற்றியது. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளும் சென் ஹெலெனாவும் இலங்கையும் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. இங்கு அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயே. யாழ்ப்பாணத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர், நம்மவருமே. ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் தனியாக இடம்பெற்றிருந்தன. அங்கே அடிமைத்தனம் சாதியோடு பிணைந்திருந்தது. எனவேதான் சட்டம் ஒழிந்தும் இழிவு ஒழியவில்லை. 124 ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் உள்ளே செல்லும் உரிமை கேட்டு மனிதர்கள் போராட வேண்டியிருந்தது.

பிறர் இழைத்த கொடுமைக்குக் கண்ணீர் சிந்துவது இலகு. நமது வீட்டுப் பழைய உறுதிகளில் சொத்தாக எழுதப்பட்டவர்களையும் மார்ச் 25இல் நினைவுகூர்வோமாயின், அந்த அஞ்சலிக்கு அர்த்தமிருக்கும்.