நனோ அளவில் மின்னுழைய அளவீடு

பல்பகுதியங்களுக்குள், அதாவது பிளாஸ்டிக், றப்பர் போன்றவற்றுள், சில நனோமீற்றர் முதல் நூறு நனோமீற்றர் வரை பருமனுள்ள துணிக்கைகளைக் கலந்தால் கிடைப்பது நனோச்சேர்க்கை. அதன் ஒவ்வொரு புள்ளியும் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதை, அதாவது அதன் மின்னுழைய மாறிலியை, கூரிய முனையொன்றால் வருடி அறியும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

மட்டக்களப்பு வாவியில் நிலா எறிக்கும் இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் தாழ்த்தி, மறு நுனியில் காதை வைத்துப் 'பாடும் மீன்' கேட்பது பழைய வழக்கம். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இவ்வாவியில் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். கண்ணுக்கு எட்டாததைக் கம்பின் நுனி கொண்டு அறியும் அதே உத்திதான் இங்கும். கம்பின் நுனி மட்டும் இருபது நனோமீற்றர் அளவுக்குக் கூர்மையானது.

மின்னுழைய அளவீட்டைத் தொடக்கிவைத்தவர் மைக்கேல் பரடே. ஒன்றினுள் ஒன்றாக வைத்த இரு பித்தளைக் கோளங்களுக்கிடையே வெவ்வேறு பொருள்களை இட்டு, அவை மின்னேற்றத்தைத் தாங்கும் திறனை அவர் 1837இல் ஒப்பிட்டார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் எல்லோரும் பொருளின் முழுத் துண்டையே அளந்தனர். கிடைத்தது சராசரி. பொலித்தீனுக்கு 2.3, சிலிக்காவுக்கு 3.9, நீருக்கு ஏறத்தாழ 80 என்ற மாறிலிகள் அப்படி வந்தவை.

திருப்பம் ஐபிஎம் ஆய்வுகூடங்களில் நேர்ந்தது. சூரிச்சில் கேர்ட் பினிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் 1981இல் வருடு ஊடுருவல் நுணுக்குக்காட்டியை உருவாக்கி, 1986இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதே ஆண்டு பினிக், குவேட், கெர்பர் மூவரும் மின் கடத்தாப் பொருள்களையும் பார்க்கவல்ல அணுவிசை நுணுக்குக்காட்டியை வெளியிட்டனர்.

நம் பொருளுக்கு உண்மையான அடித்தளம் இட்டவர் இலங்கையில் பிறந்த குமார் விக்ரமசிங்க. நியூயோர்க் மாநிலத்து யோர்க்டவுன் ஹைட்ஸில் அவருடைய ஐபிஎம் குழு, முனை பொருத்திய மெல்லிய நாக்கைப் பரப்பில் முட்டவிடாமல் அதிரவைத்து விசையை அளக்கும் முறையை 1987இல் காட்டியது. 1988இல் மார்ட்டின், ஏப்ரகாம் ஆகியோருடன் அவர் அந்த முனைக்கு மின்னழுத்தம் கொடுத்துக் கொள்ளளவத்தையே அளந்தார். 1991இல் கெல்வின் ஆய்முனை முறை வந்தது. பரப்பின் அழுத்த வேறுபாட்டை இரு தகடுகளால் கெல்வின் பிரபு 1898இல் அளந்த வழியை ஊசிநுனிக்குக் கொண்டுவந்த வேலை அது. நம் ஊர்ப் பாடநூல்களில் விக்ரமசிங்கவின் பெயர் இடம்பெறாதிருப்பது எனக்கு வருத்தம்.

அளவீட்டின் உயிர் இதுதான்: முனையில் ஆடலழுத்தம் இருக்கையில், நேர், மறை எதுவாயினும் அழுத்தம் பரப்பைத் தன்பால் இழுக்கவே செய்யும். ஆகவே ஓர் அலைவுக்குள் இருமுறை இழுப்பு. இந்த இருமடங்கு மீடிறனில் துடிக்கும் விசைக்கூறு, முனைக்கும் பொருளுக்குமான கொள்ளளவம் தூரத்தோடு மாறும் வேகத்தைச் சொல்லும். மின்னுழைய மாறிலி அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒளிந்திருப்பதை வெளியே எடுப்பதுதான் பாடு. முனையின் ஆரை, கூம்புக் கோணம், படலத்தின் தடிப்பு எல்லாம் அதே விசையில் கலந்துவிடும்.

நனோச்சேர்க்கைகளின் தேவை தனியே வளர்ந்தது. வேல்ஸின் பாங்கரில் பணியாற்றிய லூயிஸ், துணிக்கையும் பல்பகுதியமும் சந்திக்கும் மெல்லிய இடைவலயமே பொருளின் மின்குணத்தை ஆளும் என்று 1994இல் வாதிட்டார். துணிக்கை சிறுக்கச் சிறுக்க அவ்வலயத்தின் பங்கு பெருகும். அதை நேரே காண ஒரு கருவி வேண்டியிருந்தது. பொஸ்டனில் இஸ்ரலோஃப் குழு 2007இல் பல்பகுதியப் படலத்தின் ஒரே இடத்தில் பல மீடிறன்களில் அளந்து, மூலக்கூறுகள் அங்கே எத்தனை விரைவாகத் திரும்புகின்றன என்று காட்டியது. 2009இல் சான் செபஸ்தியான், மொன்ட்பெலியே ஆய்வாளர்கள் முதல் வருடலில் மேடுபள்ளத்தையும், முனையைச் சற்றே தூக்கிய இரண்டாம் வருடலில் மின்விசையையும் பதிவுசெய்து, படலத்தின் மாறிலியைக் கணித்தெடுத்தனர். பார்சிலோனாவில் ஃபுமகாலி, கோமிலா குழு 2012இல் தனித்தனி நனோத் துணிக்கைகளையும் வைரசுகளையும் மாறிலியைக் கொண்டே இனங்கண்டது. பீசா ஆய்வாளர்களும் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இடைவலயத்தையே குறிவைத்தனர். பொலித்தீனும் சிலிக்காவும் போன்ற இணைகளில் மாறிலிகளின் வேறுபாடு மிகச் சிறிது. புதைந்த துணிக்கையின் சுவட்டை இடைவலயத்தின் சுவட்டிலிருந்து பிரிப்பது இன்னும் கடினம்.

ஈரம் இன்னொரு இடர். கல்லடி போன்று ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக உள்ள இடங்களில் மின்காப்புகளின் மேல் உப்புப் படியும். ஈரம் பட்டால் அப்படலம் மின்னைக் கசியவிடும். அதைத் தாங்கவே துணிக்கை நிரப்பிய சிலிக்கோன் றப்பர் காப்புகள் வந்தன. ஆனால் சிலிக்காத் துணிக்கையின் பரப்பே நீரைப் பிடித்துவைப்பது. ஆய்வுமேசையிலும் ஈரக்காற்று முனைக்கும் பரப்புக்கும் இடையே நீரைத் திரட்டிவிடும். அதனால் உலர் நைதரசனிலோ வெற்றிடத்திலோ அளக்கின்றனர்.

அந்த நீரைப் பற்றியும் எதிர்பாராத செய்தி ஒன்று கிடைத்தது. மான்செஸ்டரில் ஃபுமகாலி, ஆந்த்ரே கெய்ம் முதலானோர் 2018இல், சில மூலக்கூறுத் தடிப்பில் அடைபட்ட நீரின் மாறிலி, பரப்புக்குச் செங்குத்தான திசையில், 80 அன்று, ஏறத்தாழ 2 என்று இதே முனையால் அளந்தனர். இடைவலயத்து நீருக்கு 80ஐ இட்டுப் போட்ட கணக்குகளை மறுபடியும் போடவேண்டும் என்பது என் துணிபு.