ஜம்போ விமானங்கள் ஏன் விடைபெற்றன? ஓய்வுபெற்ற பிறகு அவை எங்கே போகின்றன?

மேல்மாடியும் முன்பக்கம் புடைத்த தலையும் கொண்ட அந்தப் பெரிய விமானம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

போயிங் 747. நம்மில் பலருக்கு அது வெறும் "ஜம்போ".

ஒருகாலத்தில் சாங்கி விமான நிலையத்தில் எங்கு பார்த்தாலும் அதுதான் நிற்கும். இன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட் எடுத்து அதில் பயணம் செய்ய முடியாது. ஏன் அப்படி?

சிங்கப்பூருக்கு ஜம்போ எப்போது வந்தது?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1973ஆம் ஆண்டு அதன் முதல் ஜம்போ விமானங்களைப் பெற்றது. அப்போது சாங்கி விமான நிலையமே கிடையாது. அவை பாய லேபார் விமான நிலையத்தில்தான் தரையிறங்கின. சாங்கி திறக்கப்பட்டது 1981இல்.

1989இல் 747-400 ரகம் வந்தது. நிறுவனம் அதற்கு வைத்த பெயர் "மெகாடாப்". அதன் வால் நுனி தரையிலிருந்து சுமார் 19 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஏறக்குறைய ஆறு, ஏழு மாடி வீவக கட்டடத்தின் உயரம்!

போயிங் தயாரித்த 1,000ஆவது ஜம்போவைப் பெற்றதும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான். அது 1993 அக்டோபரில்.

அந்த வரலாற்றில் துயரமும் உண்டு. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, புயலுக்கு நடுவே தைப்பேயிலிருந்து புறப்பட்ட எஸ்கியூ 006 விமானம், கட்டுமானப் பணிக்காக மூடப்பட்டிருந்த ஓடுபாதையில் தவறுதலாகச் சென்று கட்டுமான இயந்திரங்கள்மீது மோதியது. விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் மாண்டனர்.

கடைசிப் பயணம் எப்போது?

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி. சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் சென்று திரும்பிய சிறப்புப் பயணம் அது. போகும்போது எஸ்கியூ 747, வரும்போது எஸ்கியூ 748. பயண எண்ணிலும் ஜம்போதான்!

அத்துடன் கிட்டத்தட்ட 40 ஆண்டுப் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது.

நல்லா ஓடிக்கிட்டு இருந்த விமானத்தை ஏன் நிறுத்தினாங்க?

முதல் காரணம் எரிபொருள். ஜம்போவுக்கு நான்கு இயந்திரங்கள். 747-400 பறக்கும்போது மணிக்குச் சுமார் 10 டன் எரிபொருளைக் குடிக்கும். 2008ஆம் ஆண்டு கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 அமெரிக்க டாலர்வரை போனபோது, அந்தச் செலவு விமான நிறுவனங்களை வாட்டியது.

இரண்டாவது, பராமரிப்பு. நான்கு இயந்திரங்கள் என்றால் சோதனை, உதிரிபாகம், பழுதுபார்ப்பு எல்லாமே நான்கு மடங்கு. இரண்டு இயந்திர விமானத்தில் அது பாதி.

மூன்றாவது, விதிமுறை. முன்பெல்லாம் இரண்டு இயந்திர விமானங்கள், ஒரு மணி நேரத்தில் ஏதாவது விமான நிலையத்தை அடையக்கூடிய தூரத்திலேயே பறக்கவேண்டும். அதனால் பெருங்கடலைத் தாண்ட மூன்று, நான்கு இயந்திர விமானங்கள்தான் வசதி. 1985க்குப் பிறகு அந்த வரம்பு 2 மணி நேரமாகி, பின்னர் 3 மணி நேரமானது. ஓர் இயந்திரம் நின்றாலும் மற்றொன்றை நம்பிப் பறக்கலாம் என்ற அளவுக்கு இயந்திரங்களின் தரம் கூடியிருந்தது. போயிங் 777 போன்ற விமானங்களுக்கு வழி திறந்தது. ஜம்போவின் முக்கியச் சாதகம் போய்விட்டது.

நான்காவது, இருக்கைகள். பாதி காலியாக இருந்தாலும் விமானம் கிட்டத்தட்ட அதே எரிபொருளைத்தான் எரிக்கும். பெரிய விமானத்தைத் தினமும் நிரப்புவது லேசான காரியம் இல்லை.

இதில் நமக்கு என்ன?

தேக்காவில் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போறவங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஜம்போவின் கணக்கு இதுதான்: ஒரு பெரிய நகரில் எல்லாரையும் இறக்கிவிடு, மிச்சத் தூரத்தை அவங்க பார்த்துக்கொள்ளட்டும். சென்னையில் இறங்கி, பெட்டிகளோடு பேருந்திலோ ரயிலிலோ ராத்திரி முழுக்கப் பயணம் செய்து திருச்சி போய்ச் சேர்ந்த கதை பல குடும்பங்களில் இருக்கும்.

சிறிய விமானத்தின் கணக்கு வேறு. சுமார் 180 பேர் சேர்ந்தால் போதும், நேராக அந்த ஊருக்கே போகலாம். இன்று சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நேரடிச் சேவை இருப்பதற்கு அத்தகைய விமானங்களே காரணம். அந்த ஊர்களுக்குத் தினமும் ஜம்போ விட்டால் கட்டுப்படியாகாது.

ஆக, ஜம்போ போனதில் நமக்கு நஷ்டம் மட்டும் இல்லை.

விமானம் பழசானால் ஆபத்தா?

வயது மட்டுமே ஆபத்து அல்ல. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் விமானத்தின் உடல் காற்றழுத்தத்தால் சற்று விரியும். இறங்கும்போது சுருங்கும். அது திரும்பத் திரும்ப நடக்கும்போது உலோகத்தில் நுண்ணிய விரிசல்கள் வரலாம்.

அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இருக்கைகள், உட்புறச் சுவர்ப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றி எலும்புக்கூடுவரை சோதிப்பார்கள். விமானத்தின் வயது கூடக்கூட அந்தச் சோதனையின் செலவும் கூடும். "இன்னொரு தடவை இவ்வளவு செலவு பண்ணணுமா?" என்று நிறுவனம் யோசிக்கும் நேரத்தில்தான் பல விமானங்கள் ஓய்வுபெறுகின்றன.

ஓய்வுபெற்ற விமானம் எங்கே போகும்?

சில, வேறு நிறுவனங்களுக்கு விற்கப்படும். சில, பக்கவாட்டில் பெரிய கதவு வெட்டப்பட்டுச் சரக்கு விமானமாக மாறும்.

மற்றவை பாலைவனத்துக்குப் போகும். ஈரப்பதம் குறைந்த இடத்தில் உலோகம் சீக்கிரம் துருப்பிடிக்காது. அமெரிக்காவின் மொஹாவி, ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன்ற இடங்களில் விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றில் பல, பாகம் பாகமாகப் பிரிக்கப்படும். அதிக விலை போவது இயந்திரங்கள்தான். கடைசியில் மிஞ்சும் உடல் உலோகக் கழிவாகிவிடும்.

ஜம்போவைவிடப் பெரிய ஏ380 விமானத்துக்கும் அதுதான் நடந்தது. அதை உலகிலேயே முதலில் இயக்கியது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். 2007 அக்டோபர் 25ஆம் தேதி அது சிட்னிக்குப் பறந்தது. பத்தே ஆண்டுகளில் முதல் விமானம் குத்தகை நிறுவனத்திடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. வாங்க ஆள் இல்லாமல் பிரான்சில் அது பிரிக்கப்பட்டது.

மற்ற நிறுவனங்கள் என்ன செய்தன?

கெத்தே பசிபிக் 2016இலும், அமெரிக்காவின் யுனைட்டெட், டெல்டா நிறுவனங்கள் 2017இலும் பயணிகள் ஜம்போவுக்கு விடைகொடுத்தன. கிருமிப்பரவல் காலத்தில் விமானங்கள் தரையில் முடங்கியபோது, 2020இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ், கேஎல்எம் ஆகியவையும் அப்படியே செய்தன. 1971இலிருந்து ஜம்போ வைத்திருந்த ஏர் இந்தியாவின் கடைசி ஜம்போ 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து கிளம்பியது.

போயிங் தனது 1,574ஆவது, கடைசி ஜம்போவை 2023 ஜனவரி 31ஆம் தேதி ஒப்படைத்தது. அதுவும் ஒரு சரக்கு விமானம்.

அப்போ இனி ஜம்போவைப் பார்க்கவே முடியாதா?

முடியும்! சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயணிகள் சேவையைத்தான் நிறுத்தியது. சரக்குச் சேவையில் 747-400 தொடர்ந்தது. அவற்றுக்குப் பதிலாக ஏழு ஏ350எஃப் சரக்கு விமானங்களை வாங்கப்போவதாக 2021 டிசம்பரில் நிறுவனம் அறிவித்தது. எனவே அவற்றுக்கும் நாள் குறித்தாயிற்று.

சாங்கி கடற்கரைப் பூங்காவுக்குப் போனால் விமானங்கள் தாழ்வாகப் பறந்து இறங்குவதைப் பார்க்கலாம். நான்கு இயந்திரங்கள், முன்பக்கம் குட்டையான திமில், உடல் நெடுக ஜன்னலே இல்லை என்றால், அதுதான் சரக்கு ஜம்போ.

அந்தத் திமில் ஏன் வந்தது தெரியுமா? 1960களில் ஜம்போவை வடிவமைத்தவர்கள், வருங்காலத்தில் ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்களுக்கே பயணிகள் மாறிவிடுவார்கள் என்று எண்ணினர். அப்போது ஜம்போ சரக்கு ஏற்றிப் பிழைக்கவேண்டும். மூக்கைத் திறந்து பொருள் ஏற்ற வசதியாக விமானி அறையை மேலே தூக்கி வைத்தனர்.

ஒலியை மிஞ்சிய கான்கார்டு 2003இலேயே நின்றுபோனது. அவர்கள் போட்ட கணக்கின் ஒரு பாதி பொய்த்தது. மறுபாதி பலித்தது. ஜம்போ இன்று பெரும்பாலும் சரக்குத்தான் சுமக்கிறது.