பெயரற்ற முகங்கள்: கோலசிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழரின் கறுப்பு வெள்ளைப் படங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரிதும் சார்ந்திருப்பவை எழுத்துச் சான்றுகளே. அரசாங்க ஆண்டறிக்கைகள், தொழிலாளர் துறைப் பதிவுகள், தோட்ட நிறுவனங்களின் கணக்கேடுகள், தமிழ் நாளேடுகள் ஆகியவற்றின் துணைகொண்டே தோட்ட மக்களின் வாழ்வு இதுகாறும் ஆராயப்பட்டு வந்துள்ளது. இவற்றிற்கு இணையாக வைத்து எண்ணத்தக்க மற்றொரு சான்றுத் தொகுதி கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாகும். அவை நூல்களை அழகுசெய்யும் படங்களாக மட்டுமே பெரும்பாலும் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றை ஆவணங்களாகக் கொண்டு படிக்கும் முயற்சி குறைவு.

கோலசிலாங்கூர் வட்டாரத்தையும் அதனை அடுத்துள்ள வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் களமாகக் கொண்டு, அப்படங்கள் எதனை உணர்த்துகின்றன, எதனை மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தின் உணர்த்தும் ஆற்றல் பெரிது. எனினும் படத்தில் இருப்பவரின் பெயர் மறைந்துவிடுமாயின் அவ்வாற்றல் வரலாற்றுக்குப் பயன்படாது என்பதே நாம் நிறுவ விழையும் கருத்து.

நிலமும் காலமும்

சிலாங்கூர் ஆற்றை அடுத்த வட்டாரத்தில் அமைந்த ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றி எழுந்த தோட்டங்கள் தமிழர் குடியேற்ற வரலாற்றில் தனியிடம் பெற்றவை. பத்தாங் பெர்ஜுந்தை 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1905-இல் மலாயா வந்த பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே இவ்வாற்றோரத்தில்தான் தம் தோட்டத்தை அமைத்தார். அவர் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நட்ட செம்பனையே இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிராகும். தம் மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய புதினம் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. முதற் செம்பனைத் தோட்டம் ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்பது ஈண்டுக் கருதத்தக்கது. தோட்டத்தின் பெயரில் தமிழ் நிலைத்தது. அதில் உழைத்த தமிழரின் பெயர்களோ பொதுவரலாற்றில் இடம்பெறவில்லை.

ஒப்பந்தக் கூலி முறைக்கான ஆள்சேர்ப்பு 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938-இல் இந்திய அரசின் தடையால் முடிவுற்றது. இவ்விரு முறைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழரைக் கொண்டுவந்து சேர்த்த ஆண்டுகளிலேயே புகைப்படக் கருவியும் தோட்டங்களுக்குள் நுழைந்தது. ரப்பர் விலை உச்சத்தை நோக்கி ஏறிய அக்காலத்தில், முதலீட்டாளர்களுக்குக் காட்டப் படங்கள் தேவைப்பட்டன.

நிறுவனப் படங்கள்

1908-இல் இலண்டனில் வெளிவந்த, பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய ஆர்னல்டு ரைட்டின் பெருந்தொகுப்பு இவ்வகைப் படங்களுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சுமாத்திராவின் மேடானைத் தளமாகக் கொண்டு இயங்கிய கிளைன்குரோத்த என்னும் படப்பிடிப்பாளரும் ஏறத்தாழ அதே காலத்தில் மலாயாத் தீபகற்பம் குறித்த படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். இத்தகைய படங்களில் மரங்கள் நேர்நிரையாக நிற்கும். வெள்ளுடையும் தொப்பியும் அணிந்த துரை நடுவிலோ முன்னிலையிலோ இருப்பார். தொழிலாளர் மரங்களின் அருகில் அளவுகோல்போல் நிறுத்தப்பட்டிருப்பர். துரைமாருக்கும் உரிமையாளருக்கும் பெயரும் வாழ்க்கைக் குறிப்பும் தரப்பட, ஏனையோர் தமிழ்க் கூலிகள் என்னும் பொதுச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

அதே 1908-இல் அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பார் குழந்தைத் தொழிலாளரைப் படம் பிடிக்கும் பணியில் ஈடுபட்டார். குழந்தை உழைப்பை ஒழிக்கப் பாடுபட்ட அமைப்புக்காக அவர் எடுத்த படங்களில், சிறார்களின் பெயர், வயது, வேலை ஆகியவை இயன்றவரை குறிக்கப்பட்டன. கருவியும் ஒன்று, காலமும் ஒன்று; நோக்கமே வேறு. ஹைனின் படங்கள் சட்டமாற்றத்துக்குச் சான்றாயின. மலாயாத் தோட்டப் படங்கள் பங்குதாரருக்கு நம்பிக்கையூட்டின. படத்தின் ஆற்றல் அதனை எடுப்பித்தவரின் நோக்கத்தாலும் அதனோடு சேர்ந்து வரும் குறிப்பாலும் திசைபெறுகிறது என்பதை இவ்வொப்பீடு காட்டும்.

ஒளியும் நிறமும்

கறுப்பு வெள்ளைப் படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அது முழுவதும் சரியன்று. தொடக்ககாலப் படத்தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக இணங்கும். சிவப்பு ஒளியை ஏற்கா. எல்லா நிறங்களுக்கும் இணங்கும் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தபோதிலும் அவை பொதுவழக்காகப் பல்லாண்டுகள் சென்றன. எனவே பழைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாக வெளிறித் தோன்றும். சிவப்புச் சேலை கறுப்பாகும். நெற்றிக் குங்குமம் கரும்புள்ளியாகும். மஞ்சள் பூசிய முகமும் மாநிறத் தோலும் இயல்பினும் மிகக் கருத்துத் தெரியும். வெள்ளுடைத் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே அப்படங்களில் காணும் பெரும் நிறவேறுபாட்டில் ஒரு பகுதி வாழ்நிலையால் வந்தது. மற்றொரு பகுதி தகட்டின் வேதியியலால் வந்தது. இதனை அறியாமல் அப்படங்களைப் பார்ப்போர், தோட்டத் தமிழரின் தோற்றம் குறித்துப் பிழையான முடிவுக்கு வர நேரும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. பெரட்டு விடியுமுன் நடைபெறும். குளிர்ந்த காலைப்பொழுதில் பால் நன்கு வடியும் ஆதலால் மரம் வெட்டும் வேலையும் வைகறையிலேயே தொடங்கிவிடும். அக்காலத் தகடுகளால் அந்த இருளில், அதுவும் மரநிழலில், வேலை செய்வோரைப் படம் பிடிக்க இயலாது. ஆகவே நாம் காணும் பால்வெட்டுக் காட்சிகளுள் பெரும்பாலானவை வெயில் ஏறிய பின்னர், அசையாமல் நிற்கச் சொல்லி எடுக்கப்பட்டவை என்றே கொள்ள வேண்டும். உளி மரத்தில் பதிந்திருக்கும். முகமோ கருவியை நோக்கித் திரும்பியிருக்கும். உழைப்பின் உண்மையான பொழுது படத்துக்குள் வரவேயில்லை.

எனினும் கறுப்பு வெள்ளைக்கே உரிய சிறப்பும் இப்படங்களில் உண்டு. நிறம் நீங்கும்போது பார்வை வடிவத்தின்மீதும் மேற்பரப்பின்மீதும் நிலைகொள்கிறது. கரிய பட்டையில் சாய்வாக ஓடும் வெண்பால், மங்கின் விளிம்பு, காண்டாவைத் தாங்கும் தோளின் தசை, லயன் வீட்டுப் பலகைச் சுவரின் வெடிப்பு ஆகியவை வண்ணப்படத்தில் பசுமைக்குள் அமிழ்ந்துவிடக் கூடியவை. கறுப்பு வெள்ளையில் அவையே முதலில் கண்ணிற் படுகின்றன. படமெடுத்தவர் கருதாதவற்றையும் தகடு பதிந்து வைத்தது. காலணியற்ற பாதங்களும் பெரியவர் வேலையில் நிற்கும் சிறுவரும் நிறுவனத்தின் பெருமையைக் காட்ட எடுத்த படத்திலேயே இடம்பெற்றுவிட்டனர்.

படமில்லாத காலம்

ஒரு காலத்துக்குப் படம் இல்லாமையும் வரலாற்றுச் செய்தியே ஆகும். 1942-43-ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்த போர்க்கைதிகளின் நிலையைக் காட்டும் படங்கள், மறைவாக எடுக்கப்பட்டவை உட்பட, இன்று கிடைக்கின்றன. தமிழ்த் தொழிலாளரைக் காட்டும் படங்கள் மிக அரியன. போனவர்களுள் பலர் மீளவில்லை. அவர்தம் முகத்தை எந்தத் தகடும் பதியாததால், பல குடும்பங்களில் மாலையிட ஒரு படமும் இல்லாமற்போயிற்று.

அடையாள அட்டைப் படம்

1948 ஜூன் திங்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் பதிவு செய்யப்பட்டு, படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கும் பணி தொடங்கிற்று. தோட்டத் தமிழருள் பலர் தனியாக ஒரு படத்தில் தோன்றியது அதுவே முதன்முறை. அன்புக்காகவோ நினைவுக்காகவோ எடுக்கப்பட்ட படமன்று அது. மக்களைக் கண்காணிக்க எடுக்கப்பட்டது. ஆயினும் அதில் ஒரு புதுமை இருந்தது. தமிழ்க் கூலிகள் என்னும் பொதுப்பெயர் நீங்கி, ஒவ்வொரு முகத்தோடும் ஒரு பெயர் சேர்த்து எழுதப்பட்டது.

அச்சிறு படம் பின்னர் எதிர்பாராத பணிகளை ஆற்றியது. குடிமக்களுக்கு நீல அட்டையும் குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டையும் என்றானபோது, படம் கறுப்பு வெள்ளையாக இருப்பினும் வாழ்வை முடிவு செய்தது அட்டையின் நிறமே. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விளைவாகக் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. அதனால் பல்லாயிரம் தொழிலாளர் தமிழகம் திரும்பினர். மறுபுறம், வேறு படம் எதுவும் இல்லாத பெற்றோர் இறந்தபோது, பிள்ளைகள் அந்த அட்டைப் படத்தையே கடையில் கொடுத்துப் பெரிதாக்கினர். கடைக்காரர் தூரிகையால் கண்களைத் தெளிவுபடுத்துவார். பெண்ணாயின் பொட்டும் தோடும் வரைந்து சேர்ப்பதுண்டு. கண்காணிப்புக்காக எடுக்கப்பட்ட முகம் இவ்வாறு சாமிமேடைக்கு அருகில் மாலை பெற்றது. இதனைத் தோட்ட மக்கள் தாமே நிகழ்த்திய பொருள்மாற்றம் எனலாம்.

கடைப்படமும் பள்ளிப்படமும்

போருக்குப் பின்னர் சிறு பட்டணங்களில் பெரும்பாலும் சீனர் நடத்திய படக்கடைகள் பெருகின. சம்பள நாளிலும் தீபாவளியிலும் திருமணத்தின்போதும் குடும்பங்கள் அங்குச் சென்றன. வரைந்த திரைச்சீலை, மர நாற்காலி, பூச்சாடி, கைக்கடிகாரம் தெரியுமாறு வைத்த கை ஆகியவை இப்படங்களின் பொதுக்கூறுகள். எடுத்த படத்தில் ஒரு பிரதி கடிதத்தோடு தமிழகத்து ஊருக்கும் செல்லும்.

மிதிவண்டியோடு நிற்கும் இளைஞரின் படங்களையும் இவ்வகையில் சேர்க்கலாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்குவதும் ஒன்று. அதனை அறிந்தவருக்கு மிதிவண்டி அப்படத்தில் வெறும் அலங்காரப் பொருளாகத் தோன்றாது.

பள்ளிப்படம் ஆசிரியர்களாகிய நமக்கு நெருக்கமானது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. நடுவில் ஆசிரியர், இருமருங்கிலும் மாணவர், முன்னே பள்ளிப்பெயரும் ஆண்டும் எழுதிய கரும்பலகை என்னும் அமைப்பில் வரும் இப்படங்கள், இடமும் காலமும் தாமே கூறும் அரிய ஆவணங்கள். வகுப்பில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் மேல்வகுப்பிலும் தொடர்ந்தனரா, காலணி எந்த ஆண்டு முதல் தென்படுகிறது என்பனவற்றை ஒரே பள்ளியின் தொடர்படங்களைக் கொண்டு ஆராயலாம்.

முடிவுரை

1990களில் வட சிலாங்கூரின் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்கள் கைமாறின. அங்கு வாழ்ந்த குடும்பங்களின் வீட்டுக் கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கு மேலும் நீடித்தது. இவ்வாறு லயன் வரிசைகள் கலைந்தபோது, சுவரில் தொங்கிய படங்களும் இடம்பெயர்ந்தன. இந்நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சணம் படிந்து அவை அழிவதும் உண்டு. அதனினும் விரைவாக அழிவது அவற்றிலுள்ளோரின் பெயர். அப்பெயர்களை அறிந்த முதியவர் மறைந்துவிட்டால், குடும்பம் தன் காசில் எடுத்த படமும் 1908-ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள படத்தைப் போலவே பெயரற்றதாகிவிடும்.

ஆகவே படத்தைப் பாதுகாக்கும் பணி பெயரிலிருந்து தொடங்க வேண்டும். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் எடுத்தது, யாரிடம் உள்ளது என்னும் ஐந்து செய்திகளைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வைத்தல் தகும். படத்தை நகலெடுக்கும்போது பின்புறத்தையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். பழைய படங்களுக்குக் கணினியால் வண்ணமூட்டும் வழக்கம் இன்று பரவியுள்ளது. சிவப்பும் கறுப்பும் ஒன்றாகப் பதிந்த தகட்டிலிருந்து சேலையின் நிறத்தைக் கணினியால் ஊகிக்கத்தான் இயலும். அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் தாத்தா பாட்டியிடம் ஒரு படத்தைக் காட்டி, அதிலுள்ளோரின் பெயரைக் கேட்டு எழுதி வருவாராயின், இவ்வட்டார வரலாற்றுக்கு வேறெங்கும் கிடைக்காத ஆவணத் தொகுதி ஒன்று உருவாகும். அப்பெயர்களைச் சொல்ல வல்லோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். நாள் செல்லச் செல்ல அவர்தம் எண்ணிக்கை குறைந்து வருகிறது என்பதை நாம் மறத்தலாகாது.